கியோட்டோல இலை சிவக்குற சீசன்: கூட்டம் எங்க குவியுது, ஏன் குவியுது, எப்படி ஒதுங்குறது

நவம்பர் கடைசில கியோட்டோ போனா இலையைவிட மனுஷத் தலைதான் அதிகமா தெரியும்னு சொல்றவங்க பாதி உண்மைதான் சொல்றாங்க. மீதி பாதி என்னன்னா, அந்தக் கூட்டம் ஜப்பான் முழுக்க இருக்குற கூட்டம் இல்ல, கியோட்டோ முழுக்க கூட இல்ல, ஒரு பத்துப் பன்னெண்டு கோயில்ல, ரெண்டு ரெண்டரை வாரத்துல, அதுலயும் காலைல பத்து மணிலேர்ந்து மூணு மணிக்குள்ள வந்து குவியுற கூட்டம். இடம், தேதி, நேரம்னு இருக்குற இந்த மூணுல ஒண்ணே ஒண்ண நகத்தினாலே போதும், அதே சிவப்பு, அதே பாசி படிஞ்ச தோட்டம், ஆனா மூச்சு விட இடம் இருக்கும். மூணையும் நகத்தணும்னு யாரும் கஷ்டப்பட வேண்டாம், எத நகத்துறது உங்களுக்கு சுலபம்ங்கிறதுதான் ப்ளானே.

முதல்ல அந்தக் கூட்டம் யாருன்னு பாக்கணும். 2024ல ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டுக்காரங்க கிட்டத்தட்ட 3 கோடியே 69 லட்சம் பேரு, அதனால எல்லாப் பழியையும் டூரிஸ்ட் மேல போடுறது வழக்கமாயிடுச்சு. ஆனா இலையுதிர் சீசன்ல கோயில் வாசல் வரிசைல ஒரு பெரிய பங்கு ஜப்பான்காரங்களேதான். மொமிஜி, அதாவது சிவந்த மேப்பிள் இலை, பாக்கப் போறதுங்கிறது அங்க பல நூற்றாண்டா இருக்குற பழக்கம், அதுக்கு மேல ஜேஆர் டோகாய் ரயில் கம்பெனி 1993லேர்ந்து 'கியோட்டோ போலாம் வாங்க'ங்கிற மாதிரி ஒரு விளம்பரத்த விடாம ஓட்டிக்கிட்டு இருக்கு, டோக்கியோ பக்கம் இருக்குறவங்கள ஷிங்கான்சென் புல்லட் ரயில் புடிச்சு இங்க வர வைக்கத்தான் அது. போஸ்டர்ல ஒரு கோயில் வந்துச்சுன்னா அந்த வருஷம் அங்க எள்ளு போட்டா எள்ளு விழாது. உள்ளூர்க்காரங்களால கூட்டம் வருதுன்னா அதுக்கு என்ன அர்த்தம், உள்ளூர் லீவு நாள் காலண்டர்தான் கூட்டத்தோட காலண்டர். நவம்பர் 3 கலாச்சார நாள் லீவு, நவம்பர் 23 உழைப்புக்கு நன்றி சொல்ற நாள் லீவு, இந்த ரெண்டாவதுதான் கியோட்டோ இலை உச்சத்தோட நேரா வந்து மோதுது. 23 ஞாயித்துக்கிழமைல விழுந்தா திங்களும் லீவு, திங்கள்ல விழுந்தா சனி ஞாயிறோட சேந்து மூணு நாள். 2026ல அது திங்கக்கிழமைதான். அந்த மூணு நாள் மட்டும் கியோட்டோக்குள்ள இருக்காம பாத்துக்கிட்டாலே பாதிப் பிரச்சனை முடிஞ்சிடும்.

அடுத்து இலை. ராத்திரி குளிர் 8 டிகிரிக்குக் கீழ இறங்க ஆரம்பிச்சா நிறம் மாறத் தொடங்கும், 5 டிகிரி பக்கம் வந்தா வேகம் புடிக்கும்னு அங்க பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க. குளிர் வந்ததும் இலைக்காம்புல ஒரு அடைப்பு உருவாகி, இலைல செஞ்ச சர்க்கரை மரத்துக்குப் போக முடியாம இலைக்குள்ளயே தங்கிடும், பச்சையம் செதஞ்சு போகும், வெயில் பட்டா அந்த சர்க்கரைலேர்ந்து ஆந்தோசயனின்ங்கிற சிவப்பு நிறமி உருவாகும். கிங்கோ மரத்தோட மஞ்சள் அப்படி புதுசா உருவாகுறது இல்ல, அது முன்னாடியே இலைல இருந்தது, பச்சை போனதும் வெளிய தெரியுது. அதனால பகல்ல நல்ல வெயில், ராத்திரி நல்ல குளிர், பக்கத்துல கொஞ்சம் ஈரம், இந்த மூணும் சேர்ற மலை ஓடைப் பள்ளத்தாக்குலதான் சிவப்பு சும்மா ரத்தமா இருக்கும், ஊர் நடுவுல கான்கிரீட் சூட்டுல நிக்குற மரம் பழுப்பாகிச் சுருங்கி விழுந்துடும்.

குளிர்தான் சாவிங்கிறதால தேதி வருஷா வருஷம் தள்ளிப் போகுது. ஜப்பான் வானிலை மையம் 1953லேர்ந்து மேப்பிள் எப்போ சிவக்குதுன்னு குறிச்சு வச்சுக்கிட்டு வருது, அன்னைக்கும் இன்னைக்கும் சராசரியா ரெண்டு வாரத்துக்கும் மேல லேட் ஆயிருக்கு. (இதே மையம் முன்னாடி 57 வகை செடி கொடி பறவை பூச்சியெல்லாம் கவனிச்சது, 2021லேர்ந்து ஆறு செடியா குறைச்சுட்டாங்க, அந்த ஆறுல மேப்பிளும் கிங்கோவும் தப்பிச்சிடுச்சு.) பழைய கைடு புக்குல நவம்பர் நடுவுலன்னு போட்டிருந்தா நம்பாதீங்க, சமீப வருஷங்கள்ல கியோட்டோ ஊருக்குள்ள உச்சம் நவம்பர் 20க்கு மேல ஆரம்பிச்சு டிசம்பர் முதல் வாரம் வரைக்கும் இழுக்குது. வெதர்நியூஸ் மாதிரி தனியார் கம்பெனிங்க செப்டம்பர் அக்டோபர்ல கணிப்பு விடுவாங்க, ஆனா நம்ம ஊர்லேர்ந்து போறவங்க ஃப்ளைட்ட அதுக்கு ரொம்ப முன்னாடியே போட்டாகணுமே. அங்கதான் மாட்டிக்கிறோம்.

இதுக்கு என்னோட பதில் உயரம். நூறு மீட்டர் ஏறினா 0.6 டிகிரி குறையும்ங்கிறது பள்ளிக்கூடப் பாடம். கியோட்டோ ஊர் சுமார் 50 மீட்டர் உயரத்துல இருக்கு, கோயாசான் கோயில் ஊர் 800 மீட்டர்ல இருக்கு, நாலரை டிகிரி வித்தியாசம், அது இலைக் கணக்குல கிட்டத்தட்ட மூணு வாரம். அதாவது அக்டோபர் கடைசிலேர்ந்து டிசம்பர் முதல் வாரம் வரைக்கும் நீங்க எந்தத் தேதில போய் இறங்கினாலும் கியோட்டோ, ஓசாகா எல்லாம் இருக்குற கன்சாய் பகுதில எங்கயோ ஒரு உயரத்துல ஒரு கோயில் சிவந்துக்கிட்டுதான் இருக்கும். நவம்பர் முதல் வாரமா, கோயாசான். அதுக்கு அடுத்த வாரமா, ஹியேய் மலை என்ர்யாகுஜி, தகாவோ. நடுவுல போனா கியோட்டோக்கு வடக்க மலைக்குள்ள இருக்குற ஓஹரா. கடைசின்னா ஊருக்குள்ள. உச்சத் தேதிய துரத்தாம, கைல இருக்குற தேதிக்கு ஏத்த மலைய தேடுங்க.

கோயாசான் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும். ஓசாகா நம்பாலேர்ந்து நான்காய் ரயில், கடைசில செங்குத்தா ஏறுற கேபிள் கார், அப்புறம் ஒரு பஸ், எல்லாம் சேத்து ரெண்டு மணி நேரம் வச்சுக்கோங்க. 816ல கூகாய் துறவி ஆரம்பிச்ச மடம், இன்னைக்கு 117 துணைக் கோயில் இருக்கு, அதுல ஐம்பது சொச்சம் கோயில்ல ராத்திரி தங்கலாம். சிவப்பு பாக்கணும்னா தான்ஜோ காரான் வளாகத்துக்குப் போற ஜபராமிச்சி பாதை, ரெண்டு பக்கமும் மேப்பிள் மேல வந்து மூடிக்கிட்டு நிக்கும். பிரபலமான ஒக்குனோஇன் கல்லறைக்காடு பெரும்பாலும் வானுயர சீடர் (cedar) மரம், அது வருஷம் முழுக்க பச்சை, அங்க போய் இலை தேடினா ஏமாந்துடுவீங்க, அது வேற ஒரு காரணத்துக்காகப் போக வேண்டிய இடம். பகல்ல வர்ற கூட்டம் சாயங்கால கேபிள் கார்ல இறங்கிடும், தங்குறவங்க மட்டும்தான் மிச்சம், அதான் அங்க ஒரு ராத்திரி தங்கச் சொல்றேன். விலை கம்மின்னு சொல்ல மாட்டேன், ஹீட்டர் இருந்தும் தாழ்வாரம் ஐஸா இருக்கும், சாப்பாடு ஆறு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும், விடிகாலை பூஜைக்கு எழுந்துக்கணும். ஆனா சுத்த சைவம் சாப்பிடுறவங்களுக்கு ஜப்பான்ல இத மாதிரி நிம்மதியான இடம் கெடைக்கிறது கஷ்டம். வெளி ஹோட்டல்ல காய்கறி சூப்னு சொல்லிக் கொடுக்குறதுல கூட போனிட்டோ மீன் துருவல் கொதிக்க வச்ச தண்ணிதான் அடிப்படை, கோயில்ல சமைக்கிற ஷோஜின் ரியோரில அது கிடையாது, கடல்பாசியும் காஞ்ச ஷிடாகே காளானும் போட்டுதான் சாறு எடுப்பாங்க, வெங்காயம் பூண்டு கூட சேக்கிறதில்ல. எள்ளு அரைச்சு செய்ற கோமாதோஃபு, ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த உறைஞ்சு காஞ்ச கோயா தோஃபு ரெண்டையும் விடாதீங்க.

தகாவோ கியோட்டோ ஊருக்கு வடமேற்குல, ஸ்டேஷன்லேர்ந்து ஜேஆர் பஸ்ல சுமார் ஐம்பது நிமிஷம். கியோதாகி ஆத்துப் பள்ளத்தாக்குல ஜிங்கோஜி, சைம்யோஜி, கோசான்ஜின்னு மூணு கோயில் நடந்து போற தூரத்துல இருக்கு. ஜிங்கோஜிக்கு ஆத்துலேர்ந்து முந்நூறு நானூறு படி ஏறணும், முட்டி வலி உள்ளவங்க யோசிச்சுக்கோங்க, அந்தப் படிதான் அங்க கூட்டத்த வடிகட்டுது. மேல போனா மண் தட்டு வாங்கி பள்ளத்தாக்குக்குள்ள வீசி கெட்டதெல்லாம் போகட்டும்னு வேண்டிக்கலாம். கோசான்ஜி, முயலும் தவளையும் மல்யுத்தம் போடுற அந்தப் பழைய சுருள் ஓவியத்துக்குச் சொந்தக்கார கோயில், ஜப்பானோட ஆரம்பகால தேயிலைத் தோட்டம்னு சொல்ற இடமும் அங்கதான் இருக்கு.

சரி, எனக்கு ஊருக்குள்ள இருக்குற பிரபல கோயிலுங்களான டோஃபுகுஜியும் எய்கான்டோவும்தான் பாக்கணும், அதுவும் உச்சத்துலன்னு அடம் புடிக்கிறவங்களுக்கு நேரத்த நகத்துறதுதான் வழி. இங்க ஒரு சின்ன கணக்கு இருக்கு. நவம்பர் கடைசில கியோட்டோல சூரியன் 6:40 வாக்குல உதிக்குது, 4:50க்கு முன்னாடியே மறையுது, பெரும்பாலான கோயில் எட்டரை ஒம்பதுக்குத் திறந்து நாலு நாலரைக்கு உள்ள விடுறத நிறுத்திடும். ஒரு நாளோட மொத்தக் கூட்டமும் ஏழு மணி நேரத்துக்குள்ள புகுந்து வெளிய வரணும், கோடைல இருக்குற மாதிரி பரவ இடமே இல்ல, நெரிசலுக்கு ஆள் எண்ணிக்கை மட்டுமில்ல இந்தக் குட்டைப் பகலும் ஒரு காரணம். அதனால கதவு திறக்குறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி நிக்குறதுக்கும் பத்தரைக்குப் போறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கியோமிசுதேரா வருஷம் முழுக்க காலை ஆறு மணிக்கே திறக்குது, நவம்பர் கடைசில அப்போ இன்னும் இருட்டுதான், மெதுவா ஏறிப் போனீங்கன்னா மர மேடைல நின்னு வெளிச்சம் வர்றதப் பாக்கலாம். நான்சென்ஜி வளாகத்துக்குள்ள நடக்க டிக்கெட்டே வேண்டாம், அங்க இருக்குற செங்கல் நீர்ப்பாலமும் பெரிய வாசலும் எட்டு மணிக்கு முன்னாடி கிட்டத்தட்ட காலி.

வெளிச்சம் எந்தப் பக்கம்னும் யோசிக்கணும், இத நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ஹிகாஷியாமா கோயிலுங்க கிழக்கு மலையோட மேற்கு அடிவாரத்துல இருக்கு, காலைல மலை சூரியன மறைக்கும், மதியத்துக்கு மேலதான் இலை வழியா வெளிச்சம் ஊடுருவும். அராஷியாமா நேர் எதிர், மேற்கு மலையோட கிழக்குச் சரிவு, காலை வெயில் நேரா மேல அடிக்கும். ஆக காலைல அராஷியாமா போறதுதான் கண்ணுக்கும் நல்லது கூட்டத்துக்கும் நல்லது. மூங்கில் தோப்புப் பக்கம் நிக்காம வடக்க ஜோஜாக்கோஜி, நிசோன்இன், கியோஜின்னு நடந்துக்கிட்டே போங்க, ஒவ்வொரு கோயிலுக்கும் ஆள் பாதிப் பாதியா குறையும்.

டோஃபுகுஜி கத வேடிக்கையானது. பள்ளத்தாக்கு மேல கட்டின சூதென்கியோங்கிற மூடுபாலத்துலேர்ந்து கீழ பாத்தா சுமார் ரெண்டாயிரம் மேப்பிள், ஒரு சிவப்புக் கடல். 15ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல அங்க இருந்த மின்ச்சோங்கிற ஓவியத் துறவி புத்தரோட பரிநிர்வாணத்த பிரம்மாண்டமா வரைஞ்சாரு, அதுல மயங்கிப் போன ஷோகுன் (நாட்ட ஆண்ட ராணுவத் தலைவர்) அஷிகாகா யோஷிமோச்சி உனக்கு என்ன வேணும் கேளுன்னாராம், மின்ச்சோ பதவி பணம் எதுவும் கேக்காம, இங்க இருக்குற செர்ரி மரத்தையெல்லாம் வெட்டிடுங்க, இருந்தா கோயில் வேடிக்கை பாக்குற இடமாயிடும்னு கேட்டாராம். வெட்டிட்டாங்க. மேப்பிள் மட்டும் மிஞ்சுச்சு. ஆறு நூற்றாண்டு கழிச்சு அந்த மேப்பிள பாக்க வர்ற கூட்டம் தாங்காம 2016லேர்ந்து சீசன்ல பாலத்து மேல ஃபோட்டோ எடுக்கக் கூடாதுன்னு கோயிலே தடை போட வேண்டி வந்துச்சு, ஏன்னா ஒவ்வொருத்தரும் நின்னு நின்னு எடுத்தா பின்னாடி இருக்குறவங்க நகர முடியல. எனக்கு அந்தத் தடை நல்லதாதான் படுது, பாலம் ஓடிக்கிட்டே இருக்கும், நீங்களும் கண்ணால பாப்பீங்க.

ராத்திரி விளக்கு அலங்காரம் இன்னொரு ஷிஃப்ட் மாதிரி. எய்கான்டோல பகல் டிக்கெட் வேற, ராத்திரி டிக்கெட் வேற, பகல்ல வந்தவங்கள எல்லாம் வெளிய அனுப்பிட்டு அஞ்சரைக்கு மறுபடி திறப்பாங்க. திறக்கும்போதே நிக்குற வரிசைல சேராதீங்க, கடைசி என்ட்ரி எட்டரை வாக்குல, அதுக்கு அரை மணி முன்னாடி போனா போதும். உள்ள ஒரு அமிதா புத்தர் தலையத் திருப்பி தோளுக்கு மேல பின்னாடி பாத்துக்கிட்டு நிப்பாரு, அவருக்காகப் போறவங்க பகல்ல போறதுதான் நல்லது.

இப்ப இடத்த நகத்துறது. இன்டர்நெட்ல 'யாருக்கும் தெரியாத கோயில்'னு போடுற லிஸ்டுங்கள நான் நம்புறதில்ல, லிஸ்ட்ல வந்த அன்னைக்கே அது தெரிஞ்ச கோயிலாயிடுது. ருரிகோஇன்னே சாட்சி. யாசே மலையடிவாரத்துல வசந்தத்துலயும் இலையுதிர்லயும் கொஞ்ச நாள் மட்டும் திறக்குற அமைதியான இடமா இருந்தது, மாடில பளபளன்னு இருக்குற கருப்பு மேசைல தோட்டம் பிரதிபலிக்கிற ஃபோட்டோ பரவினதும் 2,000 யென் டிக்கெட்டுக்கு மணிக்கணக்கா வரிசை, அப்புறம் உச்ச நாள்ல முன்பதிவு செஞ்சாதான் உள்ள போக முடியும்னு ஆயிடுச்சு. யாமாஷினால இருக்குற பிஷாமொந்தோ கூட அதே வழில போய்க்கிட்டு இருக்கு, ஆனா அதுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதோட அழகு மரத்துல இல்ல, படிக்கட்டு மேல உதிர்ந்து கிடக்குற இலைல இருக்கு, அதனால உச்சம் முடிஞ்சு டிசம்பர் முதல் வாரத்துல எல்லாரும் கிளம்பினப்புறம் போறதுதான் சரியான நேரம். கியோட்டோ ஸ்டேஷன்லேர்ந்து ஜேஆர்ல ஒரே ஸ்டாப், அஞ்சு நிமிஷம், அப்புறம் இருபது நிமிஷம் நடை.

லிஸ்டாலயும் கெடாத இடம் வேணும்னா போக்குவரத்து கொஞ்சம் சிரமமா இருக்குற இடமாதான் பாக்கணும். என் முதல் ஓட்டு பிவா ஏரிக்குக் கிழக்க ஷிகா மாநிலத்துல இருக்குற கோதோ சான்சான், அதாவது சைம்யோஜி (தகாவோல சொன்னது வேற, பேரு மட்டும் ஒண்ணு), கொங்கோரின்ஜி, ஹ்யாகுசைஜி மூணும். சுசுகா மலைச்சரிவுல ஒண்ணுக்கு ஒண்ணு சில கிலோமீட்டர் தள்ளி, மூணும் தென்தாய்ங்கிற பௌத்தப் பிரிவு. 1570கள்ல ஓதா நோபுனாகாங்கிற போர்த் தலைவர் இந்தப் பக்கம் கோயிலையெல்லாம் எரிச்சுக்கிட்டு வந்தப்போ, கொங்கோரின்ஜியோட மெயின் ஹால் நீளமான படிக்கட்டுக்கு மேல காட்டுக்குள்ள மறைஞ்சு இருந்ததால தப்பிச்சுதுன்னு சொல்றாங்க, இன்னைக்கு அது தேசியப் பொக்கிஷம். அந்தப் படிக்கட்டு நெடுக சின்னச் சின்ன ஜிஸோ (குழந்தைகளக் காக்குற போதிசத்துவர்) சிலைங்க, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு காத்தாடி, மேல ஹால் பக்கம் நிக்குற மேப்பிளுக்கு ரத்தம் தோய்ஞ்ச மொமிஜின்னே பேரு. சைம்யோஜில இன்னொரு விசேஷம், இலையுதிர்லயே பூக்குற ஒரு வகை செர்ரி இருக்கு, வெள்ளைப் பூவையும் சிவப்பு இலையையும் ஒரே ஃப்ரேம்ல பாக்கலாம். ஹ்யாகுசைஜிக்கு இளவரசர் ஷோதோகு காலத்துல கொரியாவோட பெக்ஜே நாட்டுத் தொடர்புல உருவான கோயில்னு மரபு, 1573ல முழுசா எரிஞ்சு போச்சு, அதுக்கு முன்னாடி அதப் பத்திக் கேள்விப்பட்ட லூயிஸ் ஃப்ரோய்ஸ்ங்கிற போர்ச்சுகீசிய பாதிரியார் பூலோக சொர்க்கம்னு எழுதி வச்சிருக்காரு. சனி ஞாயித்துல ஜப்பான் டூர் பஸ்ஸுங்க இங்கயும் வரும், வார நாள்ல போங்க, சாதாரண பஸ் ரொம்ப கம்மி, கார் ஓட்டத் தெரிஞ்சவங்க இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துட்டுப் போனா மூணையும் ஒரே நாள்ல நிதானமா முடிக்கலாம்.

டோக்கியோல இறங்குறவங்க கன்சாய்க்கே வரணும்னு இல்ல. அக்டோபர் கடைசி, நவம்பர் ஆரம்பம்னா வடக்க ஹிரைசூமில 1124ல கட்டின தங்க மண்டபம் இருக்குற சூசொன்ஜி, செண்டாய்லேர்ந்து ஒரு மணி நேர ரயில்ல ஆயிரம் சொச்சம் படி ஏறுற யாமாதேரா, ரெண்டும் சேத்து ஒரு நல்ல சின்ன ட்ரிப். டோக்கியோக்கு வடக்க இருக்குற நிக்கோ மட்டும் ஞாயித்துக்கிழமை வேண்டாம், இரோஹாசாகா மலைப் பாதைல பஸ் நகரவே நகராது.

ஊருக்குள்ள சுத்துறதுக்கு பஸ்ஸ நம்பாதீங்க, கியோட்டோல கூட்டத்தோட முழு வலியும் தெரியுற இடம் அந்த சிட்டி பஸ்தான். பஸ்ஸுக்கு மட்டுமான ஒரு நாள் பாஸ விக்குறதையே 2023 செப்டம்பரோட நிறுத்திட்டாங்க, மெட்ரோவும் சேந்த 1,100 யென் பாஸ் வாங்கிட்டு முடிஞ்ச வரைக்கும் ரயில்லயே போங்க: டோஃபுகுஜிக்கு ஜேஆர்ல ஒரு ஸ்டாப் (இந்த பாஸ் ஜேஆர்ல செல்லாது, தனி டிக்கெட்தான்), நான்சென்ஜிக்கும் எய்கான்டோவுக்கும் மெட்ரோல கேஆகே ஸ்டேஷன், ஓஹராவுக்கு கியோட்டோ ஸ்டேஷன்லயே பஸ் ஏறி ஒரு மணி நேரம் நிக்காம மெட்ரோல கோகுசாய்காய்கான் வரைக்கும் போய் அங்கேர்ந்து பஸ். கியோட்டோ சுற்றுலா சங்கத்தோட சைட்ல ஏரியா வாரியா, மணி வாரியா கூட்டக் கணிப்பு போடுறாங்க, முந்தின நாள் ராத்திரி ஒரு தடவ பாத்துட்டு மறுநாள் வரிசைய மாத்திக்கலாம்.

தங்குறதுக்கு கியோட்டோ ரேட்டு நவம்பர்ல கூரையப் பிச்சுக்கிட்டுப் போகும், 2026 மார்ச்லேர்ந்து தங்கும் வரியும் ஏறிடுச்சு, ரூம் விலையப் பொறுத்து ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 200 யென்லேர்ந்து 10,000 யென் வரைக்கும். ரெண்டு ஸ்டேஷன் தள்ளி ஓட்சுல தங்கினா ஜேஆர்ல பத்தே நிமிஷம், ஹியேய் மலைக்கும் பிஷாமொந்தோவுக்கும் ஷிகா கோயிலுங்களுக்கும் அதுதான் இன்னும் பக்கம். ஓசாகால தங்கினா அரை மணி ரயில், கூடவே மினோ பக்கம் ஒரு நாள் போகலாம், அங்க மேப்பிள் இலைய உப்புல ஊற வச்சு மாவுல தோச்சு எண்ணெயில பொரிச்சு விப்பாங்க, பக்கத்து கட்சுவோஜில திரும்புற பக்கமெல்லாம் சிவப்பு தாருமா பொம்மை, நம்ம காஞ்சிபுரத்துக்காரர்னு நாம சொந்தம் கொண்டாடுற அதே போதிதர்மர்தான். ரூம ஜூன் ஜூலைலயே கேன்சல் பண்ணக்கூடிய ரேட்ல ரெண்டு ஊர்லயும் போட்டு வச்சுக்கோங்க, அக்டோபர்ல கணிப்பு வந்ததும் எந்த மலை எந்த நாள்னு முடிவு பண்ணி வேண்டாதத விட்டுடலாம், கேன்சல் கடைசித் தேதிய மட்டும் ஜப்பான் நேரத்துல பாத்துக்கோங்க.